சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை நடக்க விரும்பும் சகோதரிக்கு

அச்சுவேலிப் பக்கமிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். வயது 58. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம், வலது காலில் கூடுதலாக. நீரிழிவுக்கு 14 ஆண்டுகளாகக் குளிசை எடுக்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் குளிசை உண்டு. மகன் கடும் வருத்தத்திலிருந்து தப்பி எழும்பினால் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து வருவேன் என்று நேர்ந்திருக்கிறார். மகன் எழும்பிவிட்டார், இப்போது அவரே தாயை மறிக்கிறார். முழங்கால் தாங்குமா, தாங்குவதற்கு என்ன செய்யலாம் என்பது கேட்கப்பட்ட கேள்வி. பாதையைக் குறைத்தால் நேர்த்தி பொய்த்துப்போகுமா என்பது அதற்கு அடியில் இருக்கும் கேள்வி. இவற்றுக்குப் பிறகு, கடைசி வரியில், நடக்கும்போது செருப்பு கழன்று போனாலும் இப்போதெல்லாம் தெரிவதில்லை, வயது போனால் அப்படித்தானே என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். என் பதிலின் பெரும்பகுதி அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

நான் இயன்மருத்துவராக (பிசியோதெரப்பிஸ்ட்) 31 ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சந்நிதியிலிருந்து முழுப் பாதையையும் ஒருமுறையும், கிழக்குக்கரையிலுள்ள உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமம்வரை போகும் காட்டுப்பாதையை மூன்று முறையும் நடந்திருக்கிறேன். மூட்டு, தசை, நடை ஆகியவற்றைப் பற்றிப் பயிற்சியின் பலத்தில் பேசுவேன். குளிசைகளைப் பற்றிச் சொல்வதை உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை நேரில் பார்க்காமல் நடக்கலாம் என்றோ கூடாது என்றோ தீர்ப்புச் சொல்வது முறையல்ல. எதைப் பார்த்து அந்தத் தீர்ப்புக்கு வரவேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முழங்கால் சத்தம் போடுகிற உறுப்பு. கூட நடந்தால் நோகும், நொந்தால் நிற்போம், நின்றால் பெரும்பாலும் ஆறும். நீண்டகால நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதமோ சத்தம் போடாது. காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது வயதினால் வருவதல்ல. பாதத்தின் தொடுகை உணர்வு குறைந்திருக்கலாம் என்பதற்கு நாங்கள் கிளினிக்கில் முதலில் கேட்டறியும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட பாதத்தில் முள் ஏறினாலும், கொப்புளம் உடைந்தாலும், தார் சுட்டாலும் அந்த ஆளுக்குத் தெரியவராது. அவர் நடந்துகொண்டே இருப்பார்.

நான் முழுப் பாதையையும் நடந்த ஆண்டில் எங்கள் யாத்திரைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நீரிழிவுக்காரர், நல்ல நடைக்காரர், ஒருநாளும் பின்தங்காதவர். திருகோணமலைக்கு வடக்கே, கரையோர வீதியில், ஒரு பின்னேரம் வரை வெறுங்காலுடன் நடந்து வந்து மடத்தில் படுத்தார். விடிந்ததும் அவருடைய பாயில் இரத்தம் இருந்தது. இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. அவருக்கு நோவே இல்லை. வெயிலில் தார் வீதி 50 பாகை செல்சியசை எளிதாகத் தாண்டும். உணர்வுள்ள கால் அந்தச் சூட்டில் ஓரத்து மண்ணைத் தேடி ஓடும், அவருடைய கால்கள் ஓடவில்லை. பிறகு புண் பழுத்து இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. கூட்டத்தில் பாதங்களைப் பற்றிப் படித்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன். புறப்படுவதற்கு முன் அவருடைய கால்களை நான் பார்க்கவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இந்தக் கிழமையே வீட்டில் ஒரு சோதனையைச் செய்யுங்கள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடுங்கள். மகன் தன் சுட்டுவிரலின் நுனியால் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும் ஒழுங்கு மாற்றி ஒவ்வொன்றாகத் தொடட்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவவும் கூடாது. ஓரிரு கணம் மெல்லத் தொட்டு எடுத்தால் போதும். தொடுகையை உணர்ந்ததும் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் உணரவில்லையென்றால் பாதத்தின் காப்புணர்வு குறைந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். இந்தச் சோதனை எளியது, ஆனால் நம்பத்தக்கது என்று ஆய்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. முடிவு எதுவாக இருந்தாலும் கிளினிக்கில் 10 கிராம் நைலோன் இழையாலும் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவராலும் பாதங்களைச் சோதித்து, கணுக்காலிலும் புறங்காலிலும் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு காயம்கூட ஆறாது.

உணர்வு குறைந்திருக்கிறது என்று தெரியவந்தால் நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை இரண்டு. வெறுங்காலுடன் நடப்பதை முற்றாக விட்டுவிடவேண்டும், உகந்தைக்கு அப்பாலுள்ள காட்டுப்பாதையை எண்ணவே கூடாது. சப்பாத்துப் போட்டு, நாளுக்கு இரண்டு தடவை பாதத்தைப் பார்த்து, வாகனம் போய்வரக்கூடிய வீதியில் அளவாக நடப்பதற்கு அப்போதும் இடமுண்டு. ஆனால் அதைப் பாதங்களைப் பார்த்த வைத்தியர் சம்மதித்த பிறகே செய்யவேண்டும். பழைய புண் ஆறிய தழும்பு இருந்தாலோ, உள்ளங்காலில் தடித்த காய் இருந்தாலோ அந்தச் சம்மதம் கிடைப்பது அரிது.

சோதனையில் உணர்வு சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இனி முழங்காலுக்கு வருகிறேன். தேய்ந்த மூட்டு நடந்தால் மேலும் தேயும் என்பது நம் ஊரில் வேரூன்றிய எண்ணம், அது சரியல்ல. அளவாகக் கூட்டிக்கொண்டு போகும் நடையும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் முழங்கால் தேய்மானத்துக்கு முதல்தர வைத்தியம் என்பதில் ஐயம் கிடையாது. கதிரையில் கையூன்றாமல் இருந்து எழும்புதல், படுத்துக்கொண்டு நேராக நீட்டிய காலை உயர்த்தி இறக்குதல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துதல் என்ற மூன்றையும் பத்துப் பத்தாக மூன்று தடவை, கிழமையில் நாலு நாள், குறைந்தது மூன்று மாதம் செய்யுங்கள். எடை கூட இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்கால்மீது ஒவ்வோர் அடியிலும் விழும் சுமை ஏறத்தாழ நாலு கிலோ குறையும். பொல்லு பிடிப்பதானால் கூடுதலாக நோகும் காலுக்கு எதிர்க் கையில், அதாவது உங்களுக்கு இடக்கையில், பிடிக்கவேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம் பொல்லுக்குச் சரி. நோகும் பக்கத்திலேயே பொல்லைப் பிடிப்பவர்களைத்தான் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். முழங்கால் உறையைப் பொறுத்தவரை அணிந்தால் தெம்பாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள், அதற்கு மேல் அது எதையும் செய்கிறது என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

எவ்வளவு நோ சரி, எவ்வளவு கூடாது என்பதற்கு நான் நோயாளிகளுக்குச் சொல்லிவந்த அளவுகோல் மறுநாட் காலைதான். நடக்கும்போது பத்துக்கு நாலு, ஐந்து என்ற அளவில் நொந்து, அடுத்த நாள் விடியும்போது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்கு ஆகும். விடிய எழும்பும்போது மூட்டு வீங்கியிருந்தாலோ, விறைப்பு இளக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தாலோ முதல்நாள் தூரம் கூடிவிட்டது என்று பொருள். ஒருநாள் நடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; நேர்த்தி வேகத்தில் ஒருநாளைக்கு யாரும் 20 கிலோமீற்றர் நடந்துவிடலாம். அடுத்தடுத்து மூன்று நாள், நாளுக்கு 10 முதல் 12 கிலோமீற்றர் நடந்து, நாலாம் நாள் காலையில் முழங்காலைப் பாருங்கள். கிழக்குக்கரைப் பாதை 500 கிலோமீற்றருக்கு மேல், கூட்டங்கள் எடுப்பது ஒன்றரை மாதம் அளவில். சராசரி பார்த்தால் நாளுக்கு 11, 12 என்றுதான் வரும். ஆனால் கோயில்களில் தங்கும் நாட்களைக் கழித்தால் சில நாட்களில் 20-ஐத் தாண்டும், அன்று கூட்டம் உங்களுக்காக நிற்காது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்கால் நோவுடன் யாத்திரைக்கு வந்து இடையில் திரும்பியவர்களில் பலரை வீழ்த்தியது வீதியைவிட மடந்தான். ஒன்றரை மாதம் நிலத்தில் படுக்கவேண்டும், நிலத்தில் சம்மணமிட்டுச் சாப்பிடவேண்டும், குந்தியிருக்கும் மலசலகூடத்துக்குப் போகவேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு ஆழமாக மடிவதும் அங்கிருந்து எழும்புவதும் சமதரை நடையைவிடக் கொடியவை. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய பாரமற்ற சிறு கதிரை ஒன்றும், நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் இருக்கை ஒன்றும் கூட்டத்தின் சாமான் வண்டியில் ஏற்றுங்கள். வெட்கப்பட வேண்டாம், அடுத்த நாளே மற்றவர்களும் இரவல் கேட்பார்கள். நிலத்திலிருந்து எழும்பும் முறையை வீட்டிலேயே பழகுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, கைகளை ஊன்றி நாலு காலில் வந்து, துவாயை மடித்து வலது முழங்காலின் கீழ் வைத்து, நல்ல காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கதிரையையோ பொல்லையோ பிடித்து எழும்பவேண்டும்.

குளிசைகளில் எனக்குப் பெரிய பயம் நோக்குளிசைதான். டைக்குளோபெனக், இபுபுறூபன் போன்றவற்றை வழியில் யாரும் யாருக்கும் அன்போடு கொடுப்பார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசை, வெயிலில் நீர் வற்றிய உடல் ஆகிய மூன்றோடும் அந்தக் குளிசை சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதடையலாம். லொசாட்டன், எனலாப்ரில் வகைகளோடு சிறுநீர் போக்கும் குளிசையும் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. நோவுக்குப் பரசிற்றமோலோடு நில்லுங்கள். மற்றது சீனி குறைதல். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகைக் குளிசைகளை எடுத்துக்கொண்டு, விரதமிருந்து, வழமையைவிடப் பல மடங்கு நடந்தால் இரத்தச் சீனி மயங்கி விழும் அளவுக்கு இறங்கலாம். யாத்திரை நாட்களுக்கு அளவை மாற்றவேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினாலோ, அளவுகருவி 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று தேக்கரண்டி குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் இருந்து, மறுபடி பாருங்கள். அந்த வேளையில் விரதம் பார்க்கவேண்டாம். தாகசாந்திப் பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே போவது இதற்கு மாற்றாகாது; வெறும் தண்ணீரும் மோரும் உங்களுக்கு நல்லது, வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல்.

நடக்கும் நேரத்தை விடியற்புறம் நாலு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது, மிச்சத்தை வெயில் தாழ்ந்த பிறகு நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாத்திரைக் காலமான வைகாசி முதல் ஆடி வரை இங்கே சோளகக் காற்றும், மட்டக்களப்புப் பக்கம் போனால் கச்சான் காற்றும் அடிக்கும். அந்த வரண்ட காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும். சப்பாத்தைப் பின்னேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், விரல்களுக்கு முன்னே ஒரு பெருவிரலகலம் இடமிருக்கப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று மாதம் போட்டுப் பழக்கிய பிறகே யாத்திரைக்குக் கொண்டுபோங்கள். காலுறை வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும், இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். போடுமுன் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துக்குள் கையை விட்டுத் துழாவுங்கள். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும் பார்த்து, புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஓர் இடம் மட்டும் மறு காலைவிடச் சூடாக இருந்தால் அங்கே உள்ளே புண் தொடங்கியிருக்கலாம், அடுத்த நாள் நடை இல்லை. களைத்த காலைச் சுடுதண்ணீரில் வைக்கும் வழக்கத்தை உங்களுக்கு நான் அனுமதிக்கமாட்டேன்.

பாதையில் எந்தப் பகுதியைத் தேர்வது என்பதைப் பார்ப்போம். சந்நிதியிலிருந்து வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைவரை பெரும்பாலும் வீதிதான். ஊர்கள் உண்டு, வைத்தியசாலைகள் உண்டு, பஸ் உண்டு, 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடலாம். முடியாத நாளில் ஏறிப் போய் அடுத்த கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். உகந்தைக்கு அப்பால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று குமண, யால வனங்களுக்குள்ளே ஐந்தாறு நாள் போகும் பாதை வேறு உலகம். மணலும் நிழலும் இருப்பதால் முழங்காலுக்கு அது தாரைவிட இதம் என்றுகூடச் சொல்வேன், ஆனால் உள்ளே போனவர் தன் காலாலேயே வெளியே வரவேண்டும். முள்ளும் யானையும் குடிநீர்த் தட்டுப்பாடும் உண்டு. அவசரத்துக்கு வாகனம் வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அங்கே யாரும் வாக்குத் தர முடியாது. அந்தப் பாதை திறக்கும் நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறி அறிவிக்கப்படும். ஆகவே உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் வரையும் திட்டம், சந்நிதியில் வேல் புறப்படும் நாளில் கூட்டத்தோடு முதல் இரண்டு மூன்று நாள் நடப்பது, இடையில் வற்றாப்பளை, வெருகல், திருக்கோவில் போன்ற தலங்களை அண்டிய ஒவ்வொரு நாளை நடப்பது, மிச்சத்தை வாகனத்தில் போவது, காட்டைத் தவிர்த்துத் திசமகாராமை வழியாகப் போய்ச் செல்லக்கதிர்காமத்திலிருந்து கதிர்காமத்துக்கு மகனோடு நடந்து சேர்வது. பாதையின் எந்தக் கோயிலிலும் புதிதாகச் சேர்பவர்களும் விடைபெறுபவர்களும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குறைவாகப் பார்த்ததை நான் கண்டதில்லை.

நேர்த்தியைப் பற்றிய கேள்விக்கு என் பயிற்சியில் விடை கிடையாது. அதைச் சந்நிதியில் பூசகரிடமும், நீங்கள் சேர எண்ணும் கூட்டத்தை வேல் தாங்கி நடத்திச்செல்லும் வேல்சாமியிடமும் கேளுங்கள். வெறுங்காலுக்குப் பதிலாகச் சப்பாத்தோடு நடந்து, கோயில் வெளிவீதியில் மட்டும் விடியற்காலைக் குளிர்ந்த மணலில் அதைக் கழற்றுவது தகுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். உணர்வு குறைந்த கால் என்றால் அங்கும் காலுறையோடு போக அனுமதி கேட்கவேண்டும். அவர்களிடம் சொல்லிப் பார்க்கும்படி என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. இது மரபு அல்ல, என் சொந்த எண்ணம். அச்சுவேலிச் சந்தியிலிருந்து சந்நிதிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை தோறும் விடியற்புறம் நடந்து போய், இளைப்பாறி, வெயில் தாழ நடந்து திரும்பினால் கிழமைக்கு 10, ஓராண்டுக்கு 520. கதிர்காமப் பாதையின் நீளத்துக்கு அது கிட்ட வந்துவிடுகிறது. சின்னக் கதிர்காமம் என்று சந்நிதியை நம் முன்னோர் அழைத்ததை நினைத்துக்கொண்டு நடக்கலாம். பாதமும் முழங்காலும் இடம் கொடுத்தால் அதே நடை அடுத்த ஆண்டு கூட்டத்தோடு போவதற்குப் பயிற்சியாகவும் ஆகிவிடும். முதல் வெள்ளி முழுத் தூரமும் போகவேண்டாம்; நோகாமல் போகக்கூடிய அளவு நடந்து, மிச்சத்துக்கு முச்சக்கரவண்டி பிடித்து, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

முதலில் செய்யவேண்டியது விரல் சோதனை. ஆறில் எத்தனை விரல்களில் தொடுகை தெரிந்தது, தெரியாதவை எந்தக் காலில் இருந்தன, எடுக்கும் குளிசைகளின் பெயர்கள் என்ன என்பவற்றை இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை முற்றத்துக்குப் போனாலும் செருப்பில்லாமல் போகாதீர்கள்.